சொரியாசிஸ் இருக்கிறது, இதயத்துக்கு எந்த ரத்தப் பரிசோதனை எடுப்பது?

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை. ஒன்பது வருடமாக சொரியாசிஸ். முழங்கை, முதுகு, தலை என்று பரவியிருக்கிறது. அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார். 'இதயத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள்' என்கிறார் தோல் டாக்டர். லேப்பில் கேட்டால் ட்ரோபோனின், ஹோமோசிஸ்டீன் எல்லாம் சேர்த்து ஒரு 'ஹார்ட் பேக்கேஜ்' சொல்கிறார்கள். என் கொழுப்பு நார்மல்தான் என்றார்கள். (மொத்தம் 196, எல்.டி.எல். 129, ஹெச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 145, ஹெச்பிஏ1சி 5.9, ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 4.8.) முன்கூட்டியே தெரிந்துகொள்ள எதை எடுக்கலாம்?

பதில்: அப்பாவை அந்த வயதில் இழந்த உங்களுக்கு இந்தப் பயம் வருவது இயல்பு. நல்ல தோல் டாக்டரிடம்தான் போயிருக்கிறீர்கள். சொரியாசிஸ் தோலோடு நிற்கும் நோய் இல்லை. தோலைச் சிவக்கவைத்துச் செதிலாக உதிரவைக்கும் அதே அழற்சி, ரத்தக் குழாய்களின் உட்சுவரையும் தொடுகிறது. பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2006-ல் வெளிவந்த ஆய்வில், 30 வயதில் தீவிர சொரியாசிஸ் உள்ளவருக்கு, அது இல்லாத அதே வயதுக்காரரைவிட மாரடைப்பு ஆபத்து சுமார் 3 மடங்கு என்று தெரிந்தது. அந்த வயதில் மாரடைப்பே அரிது. 3 மடங்கு என்றதும் அரண்டுபோக வேண்டாம். ஆனால் அலட்சியமும் கூடாது.

பேக்கேஜ் வேண்டாம். ட்ரோபோனின், இதயத் தசை சேதமாகும்போது ரத்தத்தில் கசிவது. நெஞ்சுவலியோடு அவசர சிகிச்சைக்கு வருபவருக்குத்தான் அதை முக்கியமாகப் பார்க்கிறோம். ஹோமோசிஸ்டீன், ரத்தத்தில் இருக்கும் ஒரு அமினோ அமிலம். சொரியாசிஸ்காரர்கள் சிலருக்குக் கூடுதலாக இருக்கும். ஆனால் மாத்திரை போட்டு அதைக் குறைத்ததால் மாரடைப்பு குறையவில்லை. பிறகு எதற்கு அந்தச் செலவு?

உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டே நிறையச் சொல்கிறது. எனக்கு அது நார்மலாகத் தெரியவில்லை. மொத்தக் கொழுப்பு 200-க்குள் என்பதால் அப்படிச் சொல்லியிருப்பார்கள். 'நல்ல கொழுப்பு' எனப்படும் ஹெச்.டி.எல். 38, ஆணுக்கு 40-க்கு மேல் இருக்க வேண்டும். 196-ல் அந்த 38-ஐக் கழித்தால் மீதி 158. குழாயில் படியக்கூடிய கொழுப்பு அவ்வளவு ஓடுகிறது. உங்கள் நிலையில் இது அதிகம். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல்படி. நீங்கள் அந்தப் படியில் நிற்கிறீர்கள்.

உடம்பில் உள்ள அழற்சியை நுணுக்கமாக அளக்கும் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 3-ஐத் தாண்டினால் ஆபத்து கூடுதல் என்று கொள்வோம். ஆனால் ரத்தம் கொடுத்த வாரத்தில் சளி, பல்வலி, புண் ஏதாவது இருந்ததா? இருந்தால் அந்த 4.8-ஐ நம்ப முடியாது. உடம்பு சரியாக இருக்கும்போது, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எடுங்கள். சாதாரண சி.ஆர்.பி. எடுத்து '6-க்குக் கீழ், நெகடிவ்' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். இதயக் கணக்குக்கு அது உதவாது. சொரியாசிஸ் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் இந்த எண் ஏறும். அதனால் இதைத் தனியாக வைத்து எந்த முடிவுக்கும் வர மாட்டேன்.

புதிதாக ஒன்றே ஒன்று எடுங்கள்: லிப்போபுரோட்டீன் ஏ. எல்.டி.எல். போலவே குழாயில் படியும் ஒரு கொழுப்புத் துகள்; பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். 50 மி.கி.க்கு மேல் இருந்தால், அப்பாவின் மாரடைப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். உங்கள் அண்ணன் தம்பி, பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும். வசதியிருந்தால், குழாயில் படியும் கொழுப்புத் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அபோ பி-யும் பார்க்கலாம். இல்லையென்றால் அந்த 158-ஐ வைத்தே முடிவெடுக்கலாம்.

விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை, உடல் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். சொரியாசிஸ் படை பத்து உள்ளங்கை அளவைத் தாண்டினால், வயது, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் வைத்துப் போடும் வழக்கமான கணக்கில் வரும் இதய ஆபத்தை ஒன்றரையால் பெருக்கச் சொல்கிறது 2019-ல் வந்த அமெரிக்கத் தோல் மருத்துவர்களின் வழிகாட்டி. அதோடு அப்பாவின் வயதையும் சொல்லி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தொடங்கலாமா என்று பொதுநல மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள். அது படையையும் கிளப்பும். இடுப்புச் சுற்றளவை 90 செ.மீ.க்குள் கொண்டுவாருங்கள்; எடை குறைந்தால் பலருக்குப் படையும் அடங்குவதைப் பார்த்திருக்கிறேன். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. சொரியாசிஸுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் ரத்த அழுத்தத்தையும், அசிட்ரெட்டின் டிரைகிளிசரைடையும் ஏற்றும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, குப்பென்று வியர்வை என்றால் லேப்புக்குப் போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, பிரஷர். சொரியாசிஸ் உள்ளவர்கள் கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு வருவார்கள். பிரஷர் பார்க்கச் சட்டைக் கையை மடித்துவிடச் சொன்னால் தயங்குவார்கள்; அவசரத்தில் நர்ஸும் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றிவிடுவார். அந்த எண்ணை நம்ப முடியாது. அடுத்த முறை அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, வெறும் கையில் பார்க்கச் சொல்லுங்கள்.