இறந்தவர் எங்கே போகிறார்? ஆளுக்கொன்று சொல்கிறார்களே, எதை நம்புவது?

அம்மாவை இழந்து மூன்று மாதம் ஆகிறது, ஒருவர் மறுபிறவி என்கிறார், ஒருவர் மறுமை என்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். எதை நம்ப வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. மதுரையைச் சுற்றி மனிதர்கள் சாவை எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்கிறேன்.

கீழடிக்குப் பக்கத்திலுள்ள கொந்தகையில் முதுமக்கள் தாழிகளைத் தோண்டியெடுத்தார்கள். எலும்புகளோடு சின்னச் சின்ன மண்கலங்களும் இருந்தன. போகிற வழியில் பசிக்கும் என்று யாரோ நினைத்து வைத்திருக்க வேண்டும். எங்கள் அப்பத்தாவுக்குப் பதினாறாம் நாள் பணியாரமும் வெற்றிலையும் படைத்தபோது எனக்கு அந்தக் கலங்கள்தான் நினைவுக்கு வந்தன. திருப்புவனத்தில் வைகைக் கரையில் திதி கொடுப்பவர்களும் உறவு அறுந்ததாக நினைப்பதில்லை. ஆண்டுதோறும் எள்ளும் நீரும் இறைக்கிறார்கள்.

கீழக்குயில்குடி சமணர் மலையில் தவமிருந்தவர்களின் வழி வேறு. உடலும் உறவும் உயிரைக் கட்டும் பற்றுகள். அவற்றை விடுவதே விடுதலை. சாவு நெருங்கும்போது உணவைக் குறைத்து உயிர்விடுவதையும் அவர்கள் நோன்பாகவே கொண்டார்கள்.

இஸ்லாத்தில் இறப்பு இறைவனிடம் திரும்புதல். துக்கத்துக்கும் எல்லை உண்டு: உறவினருக்கு 3 நாள், கணவனை இழந்த மனைவிக்கு 4 மாதம் 10 நாள். அந்த எல்லையில் பெரிய கருணை இருப்பதாக நினைக்கிறேன். கத்தோலிக்கர்கள் நவம்பர் 2 அன்று கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, உயிர்த்தெழுதலை நம்பிக் காத்திருக்கிறார்கள்.

மூன்று மாதம் மிகக் குறைவு. இப்போதே முடிவெடுக்காதீர்கள். அம்மாவுக்குப் பிடித்ததை ஒருநாள் சமைத்து, யாரையாவது கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறுங்கள்.