நார்மண்டி தரையிறக்கத்தின் நினைவு நாளை ஏன் இன்னும் இவ்வளவு பெரிதாக அனுசரிக்கிறார்கள்?

80 வருடம் கடந்த பிறகும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான நேச நாட்டு வீரர்கள் (நாஜி ஜெர்மனியை எதிர்த்த அமெரிக்கா, பிரிட்டன் முதலிய நாடுகளின் படையினர்) பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கினார்கள். அந்த ஒரே நாளில் அவர்களில் 4,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேற்கு ஐரோப்பா நாஜிகளிடமிருந்து மீளத் தொடங்கியது அங்கிருந்துதான்.

ஆனால் இது நாடுகளின் கணக்கு மட்டும் இல்லை. கோல்வில்-சுர்-மேர் ஊரில் உள்ள அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் 9,000க்கும் மேற்பட்ட வெள்ளைப் பளிங்குக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. வெள்ளைக் கல்லில் வெட்டிய எழுத்து சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் உறவினர்கள் வந்தால், கல்லறைத் தோட்ட ஊழியர்கள் கீழே ஒமாஹா கடற்கரையிலிருந்து எடுத்த ஈர மணலை எழுத்துகளுக்குள் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுவார்கள். பெயர் பொன்னிறத்தில் எழும்பி வரும். வீரர்கள் இறங்கிய கரையின் மணலே இறந்தவரின் பெயரைப் படிக்க வைக்கிறது. எனக்கு எந்தப் பீரங்கி மரியாதையையும்விட இதுதான் பெரிது.

அப்புறம், 2004இல்தான் ஜெர்மனியின் சான்சலர் (பிரதமருக்கு இணையான பதவி) ஒருவர் முதன்முறையாக இந்த விழாவுக்கு வந்தார். எதிரிகள் சேர்ந்து துக்கம் காக்க 60 வருடம் ஆகியிருக்கிறது.

2024இல் விழாவுக்கு வந்த முன்னாள் வீரர்களில் பலர் 100 வயதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள், சக்கர நாற்காலியில் வந்தவர்கள். அந்தக் கரையில் இறங்கியவர் கையைப் பிடித்து நன்றி சொல்ல இன்னும் சில வருடங்களே இருக்கின்றன. அதனால்தான் இந்த அவசரம்.