ஜாவா 17 போட்ட பிறகும் எஸ்டிகே மேனேஜர் '55 வரைதான் தெரியும்' என்று அடம்பிடிப்பது ஏன்?

நீங்கள் கேட்டது இது: ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோ போடாமல் கமாண்ட் லைன் டூல்ஸை மட்டும் இறக்கியிருக்கிறீர்கள். லைசென்ஸ்களுக்கு ஒப்புதல் கொடுக்க, ஆண்ட்ராய்ட் ஆப் எழுதத் தேவையான பாகங்களை இறக்கித் தரும் எஸ்டிகே மேனேஜரை ஓட்டினால், 'இந்த கிளாஸ் 61.0-இல் கம்பைல் ஆனது, இந்த ஜாவாவுக்கு 55.0 வரைதான் தெரியும்' என்று அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர் வருகிறது. ஜாவா 17 போட்டாயிற்று. டெர்மினலில் வெர்ஷன் கேட்டால் 17 என்றே காட்டுகிறது. ஆனாலும் எரர் அசையவில்லை.

உங்கள் ஜாவா ஹோம் (ஜாவா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று டூல்களுக்குச் சொல்லும் சிஸ்டம் அமைப்பு) இன்னும் 11-ஐக் காட்டிக்கொண்டிருக்கிறது. அவசரத்தில் இருப்பவர்கள் அதை மாற்றிவிட்டு, டெர்மினலை மூடித் திறந்து, வேலையைப் பார்க்கப் போகலாம். மீதி எல்லாம் ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு. கூடவே கொஞ்சம் என் வயிற்றெரிச்சலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எண்கள். 61, 55 என்பவை ஜாவாவின் பதிப்பு எண்கள் அல்ல, கிளாஸ் ஃபைல் (ஜாவா கோடு கம்பைல் ஆகி வரும் ஃபைல்) வடிவத்தின் எண்கள். 44-ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு வந்துவிடும். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. சந்தேகம் இருந்தால் ஏதாவது ஒரு கிளாஸ் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். முதல் நான்கு பைட் சிஏ, எஃப்இ, பிஏ, பிஇ. எந்த கிளாஸ் ஃபைலானாலும் இப்படித்தான் தொடங்கும். அடுத்த இரண்டு பைட் சிறு பதிப்பு, பெரும்பாலும் பூஜ்யம். அதற்கடுத்த இரண்டு பைட்தான் நமக்கு வேண்டியது. ஜாவா 17-க்காக கம்பைல் ஆனதில் அங்கே 3டி என்று இருக்கும், பதின்மத்தில் 61. உங்கள் எரர் செய்தியில் வரும் எண் இந்த இரண்டு பைட்டில் இருந்து வருவதுதான், யாரும் கற்பனையாகச் சொல்வதில்லை.

ஆக, எரர் சொல்வது தெளிவு: டூல் 17 கேட்கிறது, ஓடிக்கொண்டிருப்பது 11. 'ஆனால் நான் 17 போட்டேனே?' போட்டீர்கள். ஓடவில்லை.

டெர்மினலில் நீங்கள் ஜாவா என்று அடித்தால் சிஸ்டம், பாத் என்ற ஃபோல்டர் பட்டியலில் முதலில் அகப்படும் ஜாவாவை ஓட்டும். எஸ்டிகே மேனேஜர் அப்படித் தேடுவதில்லை. அது ஒரு சின்ன ஸ்கிரிப்ட். ஜாவா ஹோம் வைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கும், வைத்திருந்தால் அதற்குள் இருக்கும் ஜாவாவைத்தான் எடுக்கும். இல்லாவிட்டால்தான் பாத் பக்கமே திரும்பும். ஆப்பை பில்ட் பண்ணும் டூலான கிரேடிலின் ஸ்கிரிப்டும் இதே மாதிரிதான். அதனால் ஜாவா வெர்ஷன் கட்டளை காட்டும் பதிலும் டூல் உண்மையில் ஓடும் ஜாவாவும் வேறு வேறாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. உங்கள் விஷயத்தில் அதுதான் நடந்திருக்கிறது.

நீங்கள் விண்டோஸில்தான் இருப்பீர்கள், 8 ஜிபி ராம் லேப்டாப்பாக இருக்கும், ஸ்டுடியோவைத் திறந்தால் மெஷின் மூச்சுத் திணறுவதால்தான் இந்த வழிக்கு வந்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணும் இதே நிலையில் இருந்தாள். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அவளுக்கு ஒப்படைத்தது ஒரு பழைய ஆப். கிரேடில் 7.5, அதற்கேற்ற ஆண்ட்ராய்ட் பிளகின் 7 வரிசை. ரீட்மீ ஃபைலில் 'ஜாவா 11 தேவை' என்று எழுதியிருந்தது. எழுதிய காலத்தில் அது சரியே, பிளகின் 7.0 குறைந்தபட்சம் 11 கேட்டது. அவள் ரீட்மீயை வரி விடாமல் பின்பற்றி 11 போட்டாள், ஜாவா ஹோமும் வைத்தாள். கமாண்ட் லைன் டூல்ஸை மட்டும் தளத்திலிருந்து இறக்கியதால் புதுசாக வந்தது. புதுசு 17 கேட்டது. உங்கள் எரர் அப்படியே வந்தது.

டீமில் ஒரு சீனியர். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் 'லேட்டஸ்ட் போடு' என்பதுதான் அவர் மருந்து. 21 போடச் சொன்னார். போட்டாள். வெர்ஷன் கேட்டால் 21, எஸ்டிகே மேனேஜர் மட்டும் 55 என்றே புலம்பியது. அன்இன்ஸ்டால், ரீஇன்ஸ்டால், ரீஸ்டார்ட் எல்லாம் நடந்தது. கடைசியில் யாரோ ஜாவா ஹோமையும் 21-க்கு மாற்றிவிட, லைசென்ஸ் கேள்விகள் வரிசையாக வந்தன. அவளும் ஒய் ஒய் என்று தட்டி முடித்தாள். எல்லோரும் அவரவர் சீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் ஆப்பை பில்ட் பண்ணினால் கிரேடில் விழுந்தது. 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65.'

என் சீட்டுக்கு வந்து, "அண்ணா, நான் எதையோ உடைச்சிட்டேன் போல, மறுபடியும் அதே எரர்" என்றாள்.

"எதையும் உடைக்கலைம்மா. எரரை மேலேயிருந்து முழுசா காட்டு" என்றேன்.

அதே எரர் இல்லை அது. நேர் எதிர் எரர். இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்' என்று ஜாவா சொன்னால் ஜாவா பழசு, டூல் புதுசு. 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன்' என்று கிரேடில் சொன்னால் ஜாவா புதுசு, கிரேடில் பழசு. அந்தப் புது ஜாவாவின் கிளாஸ் ஃபைல்களைப் படிக்க கிரேடிலுக்கே தெரியவில்லை. படிக்க இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும், மருந்து மட்டும் தலைகீழ். முதலாவதற்கு ஜாவாவை ஏற்ற வேண்டும். இரண்டாவதற்கு ஒன்று ஜாவாவை இறக்க வேண்டும், அல்லது கிரேடிலை ஏற்ற வேண்டும். ஜாவா 17-இல் ஓட கிரேடில் 7.3-ஆவது வேண்டும், 21-இல் ஓட 8.5.

சீனியர் 'அப்போ கிரேடிலையும் லேட்டஸ்ட் பண்ணிடு' என்றார். நான் தடுத்தேன். கிரேடிலைத் தொட்டால் ஆண்ட்ராய்ட் பிளகின், அதைத் தொட்டால் கோட்லின் பிளகின் என்று ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டே போகும். ஒரு லைசென்ஸ் ஒப்புதலுக்காக ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பின் பில்டைக் கலைப்பதா? கிரேடில் 7.5-க்கு 17 தெரியும், எஸ்டிகே மேனேஜருக்கும் 17 போதும். 17-ஐப் போட்டு ஜாவா ஹோமை அதற்குத் திருப்பினோம். இரண்டும் ஓடின. ரீட்மீயில் 11 என்பதை 17 ஆக்கி கமிட் பண்ணினேன்.

டைம்ஷீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்த மாதிரி வேலையை எந்தத் தலைப்பில் எழுதுவது? டெவலப்மென்ட் இல்லை, பக் ஃபிக்ஸ் இல்லை, மீட்டிங் இல்லை. 'மற்றவை' என்று போட்டால் மேனேஜர் கூப்பிட்டு என்ன மற்றவை என்பார். அன்று மாலை ஸ்டேட்டஸ் மெயிலில் 'என்விரான்மென்ட் செட்டப் உதவி' என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் அந்த லேட்டஸ்ட் சீனியர். அப்ரைசலில் எனக்கு 'டீமோடு இன்னும் கலந்து பழக வேண்டும்' என்று வந்தது. சரி, விடுங்கள். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

உங்கள் மெஷினில் பார்க்க வேண்டியவை. கட்டளைகளைத் தமிழில் சொல்கிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் எக்கோ போட்டு, இரண்டு சதவீதக் குறிக்கு நடுவே ஜாவா ஹோமைக் கேளுங்கள். வருவது ஜேடிகே (நீங்கள் போட்ட ஜாவா) ஃபோல்டராக இருக்க வேண்டும், அதற்குள் இருக்கும் பின் ஃபோல்டராக இருக்கக் கூடாது. பலர் பின் வரைக்கும் கொடுத்துவிட்டு 'ஜாவா ஹோம் தவறான ஃபோல்டர்' என்ற வேறொரு எரரில் மாட்டுகிறார்கள். அடுத்து வேர் ஜாவா என்று கேளுங்கள். பாத்தில் எத்தனை ஜாவா இருக்கிறதோ அத்தனையையும் வரிசையாகக் காட்டும், முதல் வரியில் இருப்பதுதான் ஓடும். பவர்ஷெல்லில் வெறும் வேர் என்று அடித்தால் ஒன்றும் வராது, அங்கே அதற்கு வேறு பொருள். டாட் இஎக்ஸ்இ சேர்த்து அடிக்க வேண்டும். முதல் வரி 'ஆரக்கிள், ஜாவா, ஜாவாபாத்' என்று முடிந்தால் அது ஆரக்கிள் இன்ஸ்டாலர் சேர்த்தது. ஜாவா ஹோமை எத்தனை முறை மாற்றினாலும் அந்த வரி மாறாது, மாற வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொன்று, பாத்தில் சிஸ்டத்துக்கானது முன்னால், யூசருக்கானது பின்னால் ஒட்டப்படும். அதனால் யூசர் பாத்தில் 17-ஐச் சேர்த்தாலும் சிஸ்டம் பாத்தில் இருக்கும் 11 ஜெயித்துவிடும். ஜாவா ஹோமில் இது தலைகீழ், யூசர் வைத்ததுதான் ஜெயிக்கும். மாற்றிய பிறகு, திறந்திருக்கும் டெர்மினலுக்கு எதுவும் தெரியாது. விஎஸ் கோடுக்குள் இருக்கும் டெர்மினல் என்றால் விஎஸ் கோடையே மூடித் திறக்க வேண்டும்.

'என் காலேஜ் ப்ராஜெக்ட் 11-இல்தான் ஓடும், மாற்ற முடியாது' என்றால் மாற்றாதீர்கள். அந்த ஒரு டெர்மினலில் மட்டும் செட் கட்டளையால் ஜாவா ஹோமை 17-க்கு வைத்து, லைசென்ஸ் வேலையை முடித்துவிட்டு மூடிவிடுங்கள். ஒரே மெஷினில் மூன்று ஜாவா இருப்பது குற்றமில்லை.

கூகுளில் தேடினால் 'ஜாவா 8 போடு, எல்லாம் சரியாகும்' என்று நிறையப் பதில்கள் வரும். அவை பொய் இல்லை, பழசு. அப்போது எஸ்டிகே மேனேஜர் டூல்ஸ் ஃபோல்டருக்குள் இருந்தது, அது எக்ஸ்எம்எல் படிக்க உதவும் ஜேஏஎக்ஸ்பி என்ற ஜாவா பகுதியை நம்பி எழுதப்பட்டது. 2017-இல் வந்த ஜாவா 9 அதை இயல்பாக எடுத்துக்கொள்வதை நிறுத்தியது, 2018-இல் வந்த 11 அடியோடு நீக்கிவிட்டது. அப்போது வந்த எரர் 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்', அதில் எக்ஸ்எம்எல் ஸ்கீமா என்ற பெயர் இருக்கும். இன்றும் உங்களுக்கு அது வந்தால் உங்கள் பாத்தில் பழைய டூல்ஸ் ஃபோல்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தூக்கிவிட்டுப் புது கமாண்ட் லைன் டூல்ஸைப் பயன்படுத்துங்கள். உங்களுக்கு வந்திருக்கும் 61, 55-க்கு ஜாவா 8 போட்டால் 55 என்பது 52 ஆகும், அவ்வளவுதான் முன்னேற்றம்.

'டாக்கரில் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை' என்று சொல்ல வருபவர்களுக்கு: தெரியும், டாக்கர் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டித் தரும். எங்கள் பில்ட் சர்வரில் அதுதான் ஓடுகிறது. 8 ஜிபி லேப்டாப்பில் முதல் ஆப்பை ஓட்டிப் பார்க்கத் துடிப்பவரிடம் போய் டாக்கர் சொல்வது என்னால் ஆகாது. 'ஸ்டுடியோவோடு ஜாவாவும் சேர்ந்தே வருமே' என்பதும் தெரியும். அவர் ஸ்டுடியோ வேண்டாம் என்றுதான் கேட்டிருக்கிறார்.

பிற்சேர்க்கை: உபுண்டுவில் எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே அப்டேட் ஆல்டர்னேட்டிவ்ஸ் என்ற கட்டளை மாற்றுவது பாத்தில் வரும் ஜாவாவை மட்டும்தான், ஜாவா ஹோமைத் தொடாது, அதனால் இதே குழப்பம் அங்கும் உண்டு. எஸ்டிகே மேனேஜருக்கு முன்னால் அதே வரியில் ஜாவா ஹோமைக் கொடுத்து ஓட்டினால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் பொருந்தும். மேக்கில் ஜாவா ஹோம் என்ற பெயரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது, யூஎஸ்ஆர் லிப்எக்ஸெக் ஃபோல்டருக்குள். சிறிய வி, பிறகு 17 என்று கொடுத்தால் 17-இன் பாதையைத் தரும். அதோடு, 'எஸ்டிகே ரூட் தெரியவில்லை' என்று வந்தால் அது ஜாவா பிரச்சினையே இல்லை. ஜிப்பைப் பிரித்தபோது வந்ததை அப்படியே வைத்திருக்கிறீர்கள். எஸ்டிகே ஃபோல்டருக்குள் சிஎம்டிலைன் டூல்ஸ், அதற்குள் லேட்டஸ்ட் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, பின், லிப் இரண்டையும் அதற்குள் தள்ளுங்கள்.