அறிவியல் வகுப்பறைச் சோதனைகள்: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தட்டில் தண்ணீர் ஊற்றி, எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடினால் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கான ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் என்று சொல்லித் தருகிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு உயரம் வருகிறதே?

அந்த விளக்கத்தை விட்டுவிடுங்கள். மெழுகு எரியும்போது ஆக்சிஜன் குறைந்தாலும், அதற்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. அதுவும் போக, காற்றில் ஆக்சிஜன் சுமார் 16 சதவீதமாகக் குறைந்ததுமே சுடர் அணைந்துவிடும், முழுதாகத் தீருவதில்லை. தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம் வெப்பம். சுடரின் சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறுகிறது, மீந்தது குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் டம்ளரின் சுவரில் நீராகப் படிகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது.

இதை மாணவர்களே கண்டுபிடிக்கும்படி செய்யலாம். தட்டில் ஒரு செ.மீ. உயரத்துக்கு நிறம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். டம்ளரின் விளிம்பு தட்டோடு ஒட்டிக்கொண்டால் தண்ணீர் உள்ளே போக வழியிருக்காது. பலருக்குச் சோதனை தவறுவது இதனால்தான். விளிம்புக்கு அடியில் இரண்டு நாணயங்களை வையுங்கள். மூடியவுடன் ஒரு மாணவரை விளிம்பை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். வேகமாக மூடினால் அங்கே குமிழிகள் வெளியேறுவது தெரியும். சுடருக்கு மேலே டம்ளரைச் சற்று நேரம் பிடித்திருந்து மூடினால், காற்று முன்பே விரிந்து போயிருப்பதால் குமிழி குறைவு, தண்ணீரோ கூடுதலாக ஏறும். உங்களுக்கு உயரம் மாறி மாறி வருவதன் காரணம் இதுவே.

சுடர் அணையும் நொடியில் ஒரு கோடு, ஒரு நிமிடம் கழித்து இன்னொரு கோடு போடச் சொல்லுங்கள். ஏற்றத்தின் பெரும்பகுதி சுடர் அணைந்த பிறகே நடந்திருக்கும். அடுத்து அதே டம்ளரில் மூன்று மெழுகுவத்திகள். உள்ளிருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதான், ஆனால் தண்ணீர் இன்னும் மேலே ஏறும். ‘ஏன்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள், விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: இலையில் ஸ்டார்ச் சோதனை. அயோடின் விட்டும் கருநீலமாகாமல் பழுப்பாகவே இருக்கிறது. என்ன தவறு?

பெரும்பாலும் இலையை முதலில் வெந்நீரில் போடாததுதான். கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கினால் செல்கள் இறந்து, அயோடின் உள்ளே போக வழி கிடைக்கும். அதன் பிறகே, பச்சையத்தை நீக்க, ஆல்கஹால் (எத்தனால்). இலையை ஆல்கஹாலோடு சோதனைக் குழாயில் போட்டு, வெந்நீர் உள்ள பீக்கரில் நிறுத்துங்கள். அதற்கு முன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். எத்தனால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், வெந்நீரின் சூடு போதும். அருகில் சுடர் இருந்தால் அதன் ஆவி தீப்பிடிக்கும். இதில் சிறிதும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பச்சையம் போன இலை மொறமொறப்பாகிவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து மென்மையாக்கி, வெள்ளை ஓட்டின் மேல் விரித்து, நீர்த்த அயோடினை விட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். தடித்த, மெழுகுப் பூச்சுள்ள இலை வேண்டாம். வெங்காயத் தாளும் உதவாது, அது உணவை ஸ்டார்ச்சாகச் சேமிப்பதில்லை.

ஒளி படாதபடி கறுப்புத் தாளால் மூடிய பகுதியும் கருநீலமானால், செடி இருட்டில் போதிய நேரம் இருக்கவில்லை என்று பொருள். 48 மணி நேரம் இருட்டில் வைத்து, ஓர் இலையைச் சோதித்து ஸ்டார்ச் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: தனி ஊசல் சோதனையில் மாணவர்களுக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 9.8க்குப் பதில் 10.8ஐத் தாண்டி வருகிறது.

எண்ணுவதில் பிழை. கடிகாரத்தை அழுத்தும்போதே ‘ஒன்று’ என்று தொடங்கினால், 20 என்று சொல்லும்போது 19 அலைவுகளே முடிந்திருக்கும். 100 செ.மீ. நீளத்துக்கு 20 அலைவுகள் சுமார் 40 விநாடி எடுக்க வேண்டும். அவர்கள் 38 என்று எழுதியிருந்தால் காரணம் இதுதான். ‘மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம்’ என்று இறங்கி வந்து, பூஜ்யத்தில் அழுத்தப் பழக்குங்கள்.

ஊசல் குண்டு அலைவின் கோடியில் இருக்கும்போது கடிகாரத்தை அழுத்த வேண்டாம். அங்கே அது மெதுவாகத் திரும்புவதால் நொடியைப் பிடிப்பது கடினம். பின்னால் தாளில் ஒரு நேர்கோடு வரைந்து, நடுவில் அதைக் கடக்கும்போது அழுத்தச் சொல்லுங்கள். நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். நூலைக் கம்பியில் சுற்றித் தொங்கவிட்டால் ஆடும்போது நீளம் மாறும். இரண்டாகப் பிளந்த தக்கைக்கு நடுவில் இறுக்குங்கள்.

கேள்வி: நீரை மின்னாற்பகுக்க உப்புப் போட்டோம். நெடி மூக்கைத் துளைக்கிறது.

அது குளோரின், நச்சு வாயு. உடனே நிறுத்தி ஜன்னல்களைத் திறங்கள். இனி உப்புக்குப் பதில், 200 மி.லி. நீருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போதும். பென்சில் கரிக்கம்பியில் ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் 2:1 என்ற கனஅளவைத் துல்லியமாக எதிர்பார்க்காதீர்கள். ஆக்சிஜனில் ஒரு பகுதி கரியோடு சேர்ந்துவிடும்.

கேள்வி: ஓம் விதிக்கு டார்ச் பல்பை வைத்தால் வரைபடம் நேர்கோடாக வராமல் வளைகிறது.

வளையத்தான் செய்யும். இழை சூடேற ஏற அதன் மின்தடை பல மடங்கு கூடுகிறது. மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்கிற ஓம் விதி, வெப்பநிலை மாறாதபோதுதான் பொருந்தும். முதலில் 10 ஓம் மின்தடையையோ நிக்ரோம் கம்பியையோ வைத்து, ஒவ்வோர் அளவீட்டுக்கும் இடையில் சாவியைத் திறந்துவிட்டுச் செய்யுங்கள். நேர்கோடு கிடைத்ததும் அதே வரைபடத்தாளில் பல்பின் கோட்டையும் வரையச் சொல்லுங்கள்.