தொழிலில் உத்தி, கதை சொல்வது, ஆள் பார்ப்பது: தலைமை பற்றி யாரிடம் கற்றீர்கள்?

முதல் இரண்டுக்கும் எனக்கு ஒரே ஆள்தான்: கடலூர் சி.கே. ரங்கநாதன், சிக் ஷாம்புக்காரர். மூன்றாவதை நான் கையைச் சுட்டுக்கொண்டு கற்றேன்.

நான் பண்ருட்டிப் பக்கம் ஏஜென்சி வைத்திருக்கிறேன். மளிகைக் கடைகளுக்கு சோப்பு, ஷாம்பு, ஊதுபத்தி போடுகிறோம். கடை வாசலில் சரமாகத் தொங்கும் பாக்கெட்டில் கண் விழாத நாளே கிடையாது.

ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் விற்கலாம் என்று வழி காட்டியவர் ரங்கநாதனின் அப்பா சின்னி கிருஷ்ணன். அவருக்குப் பிறகு சகோதரர்கள் நடத்திய வெல்வெட் ஷாம்பு தொழிலை விட்டு வெளியே வந்து, 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு ரங்கநாதன் தனியாகத் தொடங்கினார். ஆக, சந்தையில் எதிரே நின்றது சொந்த வீட்டுச் சரக்கு!

அவர் கொண்டுவந்த திட்டம் இதுதான். எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் இலவசம். அடுத்த கம்பெனிக்காரன் காசு செலவழித்துப் பழக்கிவிட்ட வாடிக்கையாளர், குப்பையில் போட வேண்டியதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு இவரைத் தேடி வருகிறார். ஜனங்கள் சிக்குக்குப் பழகியதும் திட்டத்தை மாற்றினார்: இனி சிக்கின் காலிப் பாக்கெட் மட்டும்தான் செல்லும். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சத்துக்குப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். எனக்குப் பெரிதாகப் படுவது அந்த இரண்டாவது அடி. நானும் ஒருமுறை ஊதுபத்திக்கு இலவசம் அறிவித்தேன். எப்போது நிறுத்துவது என்று யோசிக்கவே இல்லை. இலவசம் மட்டும் ஜோராகப் போனது.

கதை சொல்வது என்றால் மைக் பிடித்துப் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். சிக் ஆட்கள் கிராமத்தில் ஒரு பையனை உட்காரவைத்து, எல்லோர் முன்னாலும் தலைக்கு ஷாம்பு போட்டு அலசிவிட்டு, கூடி நின்றவர்களை அவன் முடியைத் தொட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். சீயக்காய் தவிர வேறெதுவும் அறியாதவர்களுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்தபோது விற்பனை இன்னும் ஏறியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, ஆள் பார்ப்பது. பேச்சில் வல்லவன், டிகிரி வேறு என்று ஒருவனை லைனுக்கு, அதாவது கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கும் வேலைக்கு, போட்டேன். ஆர்டர் குவிந்தது. வண்டியில் மூட்டை இறக்கும் பையன் ஒருநாள் என்னிடம் வந்து, "அண்ணே, அந்தக் கடையில சரம் மூணு வாரமா அப்படியே தொங்குது, தூசி படிஞ்சிருக்கு. இன்னும் சரக்கு போடாதீங்க" என்றான். உனக்கென்ன தெரியும் என்று அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் கடை பூட்டிக் கிடந்தது. கடன் நோட்டில் அந்தப் பக்கத்தை இன்னும் நான் கிழிக்கவில்லை.

மற்றவர்கள் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது சரத்தைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். இப்போது லைன் அவன் கையில். பில் போட்டால் கூட்டலில் தப்பு வரும், அதைச் சரிபார்க்க என் மனைவி இருக்கிறாள்.