சிரிப்பே வராத ஆலிஸ்: ஆங்கில வகுப்பு நாவலை எப்படிப் படிப்பது?

கேள்வி: தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, பி.ஏ. ஆங்கில இலக்கியம் முதலாம் ஆண்டு படிக்கிறேன். சிறுவர் இலக்கியத் தாளில் ‘ஆலிஸ் இன் ஒண்டர்லேண்ட்’ பாடமாக இருக்கிறது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதையும் படித்துவிட்டேன். சொற்களுக்குப் பொருள் தெரிகிறது. கதை எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. நகைச்சுவை நாவல் என்கிறார்கள். எனக்கு ஓரிடத்திலும் சிரிப்பு வரவில்லை. கைடில் ‘அடையாளச் சிக்கல்’, ‘விக்டோரியச் சமூக விமர்சனம்’ என்று தலைப்புகள் போட்டிருக்கிறார்கள். நான் படித்த கதைக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு? என் ஆங்கிலம்தான் போதவில்லையா? தேர்வில் எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் ஆங்கிலத்தில் குறை இல்லை. பன்னிரண்டு அத்தியாயங்களையும் படித்து முடித்தவருக்குத் தேவையான மொழியறிவு இருக்கிறது. உங்களிடம் இல்லாதது வேறொன்று. 1865-ல் லூயிஸ் கேரலின் இந்தப் புத்தகத்தை முதன்முதலாகக் கையில் எடுத்த ஆங்கிலக் குழந்தைகள் சில பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அந்தப் பாட்டுகள் உங்களுக்குத் தெரியாது. இன்று லண்டனில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கும் தெரியாது. அவர்களும் அந்த இடங்களைச் சிரிக்காமல்தான் கடந்துபோவார்கள்.

இந்த நாவலை அற்புத உலகத்துக் கதை என்று நினைத்துப் படிப்பதைவிட, பள்ளிப் பாடம் தலைகீழாகிப்போன கதை என்று நினைத்துப் படித்துப் பாருங்கள். கிணறு போன்ற பள்ளத்தில் விழுந்துகொண்டிருக்கும்போதே ஆலிஸ் என்ன செய்கிறாள்? அட்சரேகை, தீர்க்கரேகை என்று வகுப்பில் கேட்ட பெரிய சொற்களைச் சொல்லிப் பார்க்கிறாள். பொருள் தெரியாது, சொல்வதற்கு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாம் அத்தியாயத்தில் அவளுக்குத் தான் யார் என்பதிலேயே சந்தேகம் வருகிறது. தோழி மேபலாக மாறிவிட்டோமோ என்று பயப்படுகிறாள். மேபலுக்குப் பாடம் வராது. அதனால் ஆலிஸ் தன்னைத் தானே சோதித்துப் பார்க்கிறாள்: நான்கைந்து பன்னிரண்டு, நான்காறு பதின்மூன்று, லண்டன் பாரிஸின் தலைநகரம், பாரிஸ் ரோமின் தலைநகரம். எல்லாம் தப்பாக வருகிறது. தனக்குத் தெரிந்த பாடம்தான் தான் என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாடம் மறந்தால் ஆளே மாறிவிட்டதாக அவள் நடுங்குகிறாள். கைடு ‘அடையாளச் சிக்கல்’ என்று சொல்வது இதைத்தான். அதற்கான சான்று இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லாமல் விட்டுவிடுகிறது.

இனி அந்தப் பாட்டுகளுக்கு வருவோம். இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

ஐசக் வாட்ஸ் என்ற மதபோதகர் 1715-ல் குழந்தைகளுக்கான நீதிப் பாடல்களை வெளியிட்டார். நூற்றைம்பது ஆண்டுகளாக ஆங்கிலக் குழந்தைகள் அவற்றை ஒப்பித்தார்கள். நமக்கு ஆத்திசூடி எப்படியோ அப்படி. ‘அறம் செய விரும்பு’ என்று தொடங்கும் பிள்ளையின் வாயிலிருந்து, ஓசை கெடாமல், அறத்துக்கு நேர் எதிரான வரிகள் தானாக வந்து விழுந்தால் கேட்பவருக்கு எப்படி இருக்கும்? இரண்டாம் அத்தியாயத்தில் ஆலிஸுக்கு அதுதான் நேர்கிறது. வாட்ஸின் பாட்டில் சுறுசுறுப்பான சின்னத் தேனீ, ஒளிரும் ஒவ்வொரு மணி நேரத்தையும் பயனாக்கிக்கொண்டு நாளெல்லாம் தேன் சேர்க்கிறது. ஆலிஸ் வாயில் அது சின்ன முதலையாகிவிடுகிறது. முதலை தன் ஒளிரும் வாலை மெருகேற்றிக்கொள்கிறது; புன்னகைக்கும் தாடைகளைத் திறந்து சின்ன மீன்களை வரவேற்கிறது. ‘சின்ன’, ‘ஒளிரும்’ போன்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன. சந்தமும் அப்படியே இருக்கிறது. உழைத்த தேனீ இருந்த இடத்தில், உழைக்காமல் உண்ணும் முதலை வந்து உட்கார்ந்துவிட்டது.

ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் ஃபாதர் வில்லியம் பாட்டும் இதே வகைதான். ராபர்ட் சௌதி 1799-ல் எழுதிய மூலப் பாட்டில், முதுமையிலும் எப்படி இவ்வளவு நலமாக இருக்கிறீர்கள் என்று இளைஞன் கேட்கிறான்; இளமையில் உடலை வீணாக்கவில்லை, கடவுளை மறக்கவில்லை என்று பெரியவர் அடக்கமாகச் சொல்கிறார். ஆலிஸ் ஒப்பிக்கும் பாட்டில் பெரியவர் தலைகீழாக நிற்கிறார், வாத்தை எலும்போடும் அலகோடும் தின்று தீர்க்கிறார், மூக்கு நுனியில் விலாங்கு மீனை நிறுத்துகிறார். இளமையில் தலைகீழாக நின்றால் மூளைக்குக் கேடு என்று பயந்தாராம். இப்போது மூளையே இல்லை என்று உறுதியாகிவிட்டதால் அடிக்கடி நிற்கிறாராம். கடைசியில், மூன்று கேள்விக்குப் பதில் சொன்னது போதும், போகாவிட்டால் படிக்கட்டில் உதைத்துத் தள்ளுவேன் என்கிறார். பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதி இவ்வளவு நேர்மையாக வேறெங்கும் அம்பலப்பட்டதில்லை என்று நான் நினைக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இரண்டு மூலப் பாட்டுகளையும் ஒரு தாளின் இடப்பக்கம் எழுதுங்கள்; ஆலிஸ் ஒப்பிப்பதை வலப்பக்கம் எழுதுங்கள். எந்தச் சொல் தங்கியது, எது மாறியது என்று கோடிடுங்கள். ஏழாம் அத்தியாயத்து வௌவால் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் மூலம் ஜேன் டெய்லர் 1806-ல் வெளியிட்ட நட்சத்திரப் பாட்டு, உங்களுக்கே தெரிந்த ‘ட்விங்கிள் ட்விங்கிள்’. பகடி என்றால் என்ன என்று எந்தப் பாடநூல் வரையறையும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. மார்ட்டின் கார்ட்னர் உரைக்குறிப்புகளுடன் 1960-ல் வெளியான பதிப்பு கல்லூரி நூலகத்தில் இருந்தால் மூலப் பாட்டுகளைத் தேடி அலைய வேண்டாம். அதன் ஓரக்குறிப்புகளிலேயே இருக்கின்றன.

அடுத்தது, வாய்விட்டுப் படியுங்கள். தமிழ் வழியில் படித்த நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் படிக்கப் பழகியவர்கள். எழுத்துக்கூட்டுதான் முதலில் தெரியும். இந்த நாவலின் சிலேடைகள் காதுக்காக எழுதப்பட்டவை. மூன்றாம் அத்தியாயத்தில் எலி தன்னுடையது நீளமான, சோகமான ‘டெய்ல்’ என்கிறது. அது சொல்வது கதையை. ஆலிஸ் பார்ப்பது வாலை. நீளம் சரி, இதில் சோகம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். இரண்டுக்கும் எழுத்து வேறு, ஒலி ஒன்று. அடுத்து வரும் கவிதை வால் போலவே வளைந்து வளைந்து அச்சாகியிருக்கும். ஆறாம் அத்தியாயத்தில் பூமி தன் அச்சில் சுழல்வதைப் பற்றி ஆலிஸ் பேசினால், சீமாட்டியின் காதில் ‘ஆக்சிஸ்’ என்ற அந்தச் சொல் ‘ஆக்சஸ்’, அதாவது கோடரிகளாக விழுகிறது. உடனே இவள் தலையை வெட்டு என்கிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் கடலாமை ஆசிரியரை ஏன் ‘டார்டஸ்’ (நில ஆமை) என்று அழைத்தீர்கள் என்ற கேள்விக்கு, அவர் எங்களுக்குக் கற்பித்தாரே என்று பதில் வருகிறது. ‘ர்’ ஒலியை விழுங்கிவிடும் தென் இங்கிலாந்து உச்சரிப்பில்தான் ‘டாட் அஸ்’ என்பதும் அந்த ஆமையின் பெயரும் ஒன்றாக ஒலிக்கும். நம் உச்சரிப்பில் ஒலிக்காது. லிப்ரிவாக்ஸ் தளத்தில் முழு நாவலையும் இலவசமாகக் கேட்கலாம்; ஒருமுறையாவது கேளுங்கள்.

அதே அத்தியாயத்தில் போலி ஆமை தன் கடலடிப் பள்ளியின் பாடங்களை அடுக்குகிறது. கூட்டலுக்குப் பேராசை, கழித்தலுக்குக் கவனச்சிதறல், பெருக்கலுக்கு அழகைக் கெடுத்தல், வகுத்தலுக்கு ஏளனம். லத்தீனும் கிரேக்கமும் சிரிப்பும் துயரமுமாகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் உண்மையான பாடத்தின் பெயருக்கு ஓசையில் நெருங்கியே நிற்கும். பெயர்களை ஜோடி ஜோடியாக எழுதிப் பாருங்கள். போலி ஆமை என்ற பெயருக்கும் காரணம் உண்டு. பச்சை ஆமை சூப் பணக்காரர் உணவு. அதைப்போலவே சுவை வர, கன்றின் தலையைக் கொண்டு செய்வதைப் போலி ஆமை சூப் என்பார்கள். அதனால்தான் ஜான் டென்னியல் தன் படத்தில் அந்த விலங்குக்குக் கன்றுத்தலை வரைந்தார். அவர் வரைந்த 42 படங்களும் இல்லாத மலிவுப் பதிப்பை வாங்காதீர்கள். கிரிஃபன் என்ற கற்பனை விலங்கு என்னவென்று தெரியாவிட்டால் படத்தைப் பார் என்று நாவலே சொல்கிறது.

கதை எங்கே போகிறது என்று கேட்டீர்கள். பயணக் கதைக்கு உள்ளதுபோல ஓர் இலக்கு இதில் இல்லை. ஆனால் ஒரு மாற்றம் நடக்கிறது. ஆலிஸ் பாடத்தை எப்படி நடத்துகிறாள் என்பதைத் தொடர்ந்தால் அது தெரியும். இரண்டாம் அத்தியாயத்தில் ஒப்பித்தது தவறினால் அழுகிறாள். ஐந்தாம் அத்தியாயத்தில் கம்பளிப்புழு, நீ யார் என்று கேட்கிறது. காலையில் எழுந்தபோது தெரிந்திருந்தது, அதற்குப் பிறகு பலமுறை மாறிவிட்டேன் என்கிறாள். சற்றுப் பிறகு புழு என்ன செய்கிறது? ஃபாதர் வில்லியம் பாட்டை ஒப்பிக்கச் சொல்கிறது. நீ யார் என்பதற்கு விடை ஒப்பித்தல் தேர்வு! தவறாக ஒப்பித்துவிட்டு, சில சொற்கள் மாறிவிட்டன என்று தயங்கித் தயங்கி ஒப்புக்கொள்கிறாள். பத்தாம் அத்தியாயத்துக்கு வரும்போது, இந்த விலங்குகள் நம்மை அதிகாரம் செய்து பாடம் ஒப்பிக்க வைக்கின்றன, பள்ளியிலேயே இருந்திருக்கலாம் என்று சலித்துக்கொள்கிறாள். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவள் யாருக்கும் ஒப்பிப்பதில்லை. ஒரு மைல் உயரத்துக்கு மேலுள்ளவர்கள் வெளியேற வேண்டும் என்று அரசர் 42-ஆம் விதியைப் படிக்கிறார். இதுதான் புத்தகத்திலேயே மிகப் பழைய விதி என்கிறார். அப்படியானால் அது முதல் விதியாக அல்லவா இருக்க வேண்டும் என்று ஆலிஸ் மடக்குகிறாள். முதலில் தண்டனை, தீர்ப்பு பிறகு என்று ராணி சொல்லும்போது, அபத்தம் என்று உரக்கச் சொல்லிவிடுகிறாள். ஒப்பித்த குழந்தை வாதாடும் குழந்தையாகிறாள். இந்த நான்கு இடங்களை வரிசையாகக் காட்டி எழுதினால், பாத்திர வளர்ச்சி பற்றிய எந்தக் கட்டுரை வினாவுக்கும் முதுகெலும்பு கிடைத்துவிடும்.

ஆலிஸ் அறிவு, மற்றவர்கள் பைத்தியம் என்று எழுதும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். தேநீர் விருந்தைத் திரும்பப் படியுங்கள். நினைப்பதைச் சொல்வதும் சொல்வதை நினைப்பதும் ஒன்றுதானே என்கிறாள் ஆலிஸ். இல்லை, அப்படியானால் தின்பதைப் பார்ப்பதும் பார்ப்பதைத் தின்பதும் ஒன்றாகிவிடும் என்கிறார் தொப்பிக்காரர். தர்க்கப்படி அவர் சொல்வதுதான் சரி. ஆசிரியர் ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், பின்னாளில் தர்க்க நூல்களும் எழுதியவர் என்பது இங்கே பொருந்துகிறது. ஒவ்வோர் உரையாடலின் ஓரத்திலும், இங்கே யார் சொல்வது சரி என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். விடை எப்போதும் ஆலிஸாக இருக்காது.

தேர்வில், இடஞ்சுட்டிப் பொருள் விளக்கும் வினாவுக்கு அத்தியாயமும் பேசுபவரும் ஒரு வரியில் முடியட்டும். அடுத்து, அந்த வரியில் எந்தப் பாடம், பழமொழி அல்லது வழக்கம் திரிந்திருக்கிறது என்று சொல்லுங்கள். பிறகு ஆலிஸ் அதற்கு எப்படி எதிர்வினை செய்கிறாள் என்று எழுதுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம், திருத்துபவருக்குக் கதை தெரியும். நாவலின் நீதி என்ன என்று கேட்டால், ஒன்பதாம் அத்தியாயத்துச் சீமாட்டியைச் சாட்சிக்கு அழையுங்கள். எதிலும் நீதி உண்டு, கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும் என்பவள் அவள். பூநாரையும் கடுகும் கடிக்கும் என்று தொடங்கி, இனம் இனத்தோடு சேரும் என்று நீதி சொல்கிறாள். கடுகு பறவை இல்லையே என்கிறாள் ஆலிஸ். நீதி தேடும் பழக்கத்தையே நாவல் கேள்வி கேட்கிறது என்பதுதான் உங்கள் விடை.

மதிப்பெண்ணை இழக்க வைக்கும் சில தவறுகளும் உண்டு. ஹம்ப்டி டம்ப்டி, ஜாபர்வாக்கி கவிதை, சிவப்பு ராணி ஆகியோர் 1871-ல் வந்த இரண்டாம் நாவலைச் சேர்ந்தவர்கள். உங்கள் பாடநூலில் இருப்பவள் இதய ராணி, அவள் வேறு. 1951-ல் வந்த டிஸ்னி படம் இரண்டு நாவல்களையும் கலந்துவிட்டது. 2010-ல் வந்த படத்தில் ஆலிஸுக்குப் பத்தொன்பது வயது, கதையே வேறு. நாவலில் எங்கும் ‘மேட் ஹாட்டர்’ என்ற பெயர் வருவதில்லை; வெறும் ஹாட்டர்தான். காளானும் புகையும் வருவதால் இது போதைப்பொருள் கதை என்று சொல்வதற்கு ஆசிரியரின் வாழ்க்கையில் சான்று கிடையாது.

ஆசிரியர் வாழ்க்கை இரண்டு வரி போதும்: சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன், புனைபெயர் லூயிஸ் கேரல். 1862 ஜூலை 4 அன்று கல்லூரித் தலைவர் லிடலின் மூன்று மகள்களோடு படகில் காட்ஸ்டோ வரை போனபோது சொன்ன கதை இது. நடு மகள் ஆலிஸ் கேட்டுக்கொண்டதால் எழுதினார்.

தேர்வுக்கு நாள் குறைவாக இருந்தால் 2, 5, 7, 9, 12 ஆகிய அத்தியாயங்களை இந்த முறையில் மறுபடி படியுங்கள். நேரம் மிஞ்சினால் மூன்றும் பத்தும். நான்காம் அத்தியாயத்தை ஒருமுறை படித்ததே போதும்.