ஊரை விட்டுப் போனவருக்கு எதற்கு தேசிய விருது?

கேள்வி: தென்னமெரிக்காவில் உள்ள கயானா நாட்டில் பாடகர்களுக்கும் ஓவியர்களுக்கும் தேசியப் பண்பாட்டுக்குத் தொண்டு செய்தவர்கள் என்று சொல்லி அரசு விருது கொடுப்பதாகப் படித்தேன். மொத்த ஜனத்தொகையே எட்டு லட்சம்தான். விருது வாங்கியவர்களில் பலர் லண்டனுக்கும் டொரான்டோவுக்கும் போய்க் குடியேறியவர்கள். ஊரை விட்டுப் போனவருக்கு எதற்கு தேசிய விருது? அந்தப் பணத்தில் ரோடு போடலாமே?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: ரோடு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கயானாவின் கடலில் 2015-இல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 2019 டிசம்பரிலிருந்து எடுக்கிறார்கள். ரோட்டுக்குப் பணம் இல்லாத நாடு அல்ல அது. ஒரு பதக்கத்துக்கு ஆகும் செலவில் பத்தடி ரோடுகூடப் போட முடியாது. ஆகவே உங்கள் உண்மையான கேள்வி பணத்தைப் பற்றியது அல்ல, ‘ஊரை விட்டுப் போனவர்’ என்ற அந்த வார்த்தையைப் பற்றியது. அதற்குத்தான் பதில் சொல்ல விரும்புகிறேன்.

டேவ் மார்ட்டின்ஸ் என்று ஒரு பாட்டுக்காரர். டெமராரா ஆற்றின் மேற்குப் பக்கம் ஹேக் என்ற கிராமத்தில் பிறந்தவர். இளைஞனாகக் கனடா போனார். 1966-இல், கயானா விடுதலை பெற்ற அதே வருஷம், டொரான்டோவில் ‘டிரேட்விண்ட்ஸ்’ என்ற இசைக்குழுவைத் தொடங்கினார். உங்கள் கணக்குப்படி ஊரை விட்டுப் போனவர். ஆனால் டொரான்டோ குளிரில் உட்கார்ந்து அவர் எழுதியதெல்லாம் ஊரைப் பற்றித்தான். அதுவும் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அல்ல. சந்தையிலும் வாய்க்கால் கரையிலும் ஜனங்கள் பேசுகிற கிரியோல் பேச்சில். படித்தவர்கள் வீட்டில் பிள்ளைகளை ‘அப்படிப் பேசாதே’ என்று அதட்டிய பேச்சு அது. அதைப் பாட்டாக்கிக் கரீபியன் முழுக்கப் பாட வைத்தார்.

அவருடைய பாட்டுகளில் ஒன்று ‘நாட் எ பிளேடு ஆஃப் கிராஸ்’. ஒரு புல்லைக்கூட விட்டுத்தர மாட்டோம் என்பது அதன் சாரம். எதற்காக அப்படி ஒரு பாட்டு? கயானாவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு எஸ்ஸெகிபோ ஆற்றுக்கு மேற்கே இருக்கிறது. அது முழுவதும் தன்னுடையது என்கிறது பக்கத்து நாடான வெனிசுவேலா. 1899-இல் நடுவர் மன்றம் எல்லை வகுத்துத் தீர்ப்புச் சொன்னது. 1962-இல் அந்தத் தீர்ப்பே செல்லாது என்று வெனிசுவேலா கிளப்பியது. இன்றுவரை தீரவில்லை.

2023 டிசம்பர் 3-ஆம் தேதி வெனிசுவேலா இதற்காகப் பொது வாக்கெடுப்பே நடத்தியது. அந்த நாட்களில் கயானாவில் ஊர் ஊராக ஒலித்தது தேசிய கீதம் மட்டும் அல்ல. நாற்பது வருஷத்துக்கு முந்தைய இந்தப் பாட்டும்தான். பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள், கூட்டங்களில் பாடினார்கள். பெரிய படை இல்லாத ஒரு சின்ன நாட்டு ஜனங்களுக்கு அந்த வாரம் வாயில் வைத்துக்கொள்ள ஒரு வரி தேவைப்பட்டது. ஊரை விட்டுப் போனவர் என்று நீங்கள் சொல்கிறவர் அதை என்றைக்கோ எழுதி வைத்திருந்தார். அதற்குள் அவர் ஊருக்கே திரும்பி வந்து, பத்திரிகையில் வாராவாரம் எழுதிக்கொண்டு தலைநகர் ஜார்ஜ்டவுன் பக்கம் வாழ்ந்துகொண்டிருந்தார். மூன்று மாதம் கழித்து, 2024 மார்ச்சில் காலமானார். கயானா அரசு அவருக்கு ‘கோல்டன் ஆரோ’ விருது கொடுத்திருந்தது. இந்த மனிதருக்கு அது அதிகம் என்று நீங்கள் சொல்வீர்களா?

கயானாக்காரர்களில் நாட்டுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேரோ, கிட்டத்தட்ட அத்தனை பேர் வெளியே இருக்கிறார்கள். நியூயார்க், டொரான்டோ, லண்டன் என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் யாராவது போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட தேசத்தில் எல்லைக்குள் நிற்கிறவனுக்குத்தான் விருது என்று கோடு போட்டால், பாதி தேசத்தை வெளியே தள்ளியதாகிவிடும்.

ஆப்ரி வில்லியம்ஸ் கதையையும் கேளுங்கள். 1926-இல் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். வேலை விவசாய அதிகாரி. நாட்டின் வடமேற்கு மூலையில் காட்டுப் பகுதிக்கு அவரை மாற்றினார்கள். அங்கே வராவ் என்ற பழங்குடி மக்களோடு இரண்டு வருஷம் வாழ்ந்தார். நிறத்தையும் வடிவத்தையும் தான் புரிந்துகொண்டது அவர்களிடமிருந்துதான் என்று பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். 1952-இல் இங்கிலாந்து போனவர் 1990-இல் லண்டனில்தான் கண்ணை மூடினார். ஆனால் 1970-இல், கயானா குடியரசான வருஷம், டிமேரி விமான நிலையத்துச் சுவர்களில் ஓவியம் தீட்ட அழைத்தபோது வந்து தீட்டிக் கொடுத்தார். டிமேரி என்ற சொல்லே பழங்குடி மொழிச் சொல், பாறை ஓவியங்களைக் குறிப்பது. நாட்டுக்குள் வருகிறவரும் விட்டுப் போகிறவரும் கடந்து செல்லும் வாசல் அந்த விமான நிலையம். அந்த வாசலில் பழங்குடிப் பாறை ஓவியத்தின் சாயலில் ஒரு சுவர். அதைத் தீட்டியவரும் போனவர்தான். எனக்கு இது மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கயானாவில் நான் மதிப்பது பதக்கங்களை மட்டும் அல்ல. பதக்கங்களின் பெயர்கள் அழகானவைதான்: தங்க அம்பு, கசீக்கின் கிரீடம் (கசீக் என்றால் பழங்குடித் தலைவர்), ரொரைமா மலையின் பெயரில் ஒன்று. பிரிட்டிஷ் ராணியின் பட்டங்களை விட்டுவிட்டுச் சொந்த மண்ணிலிருந்து பெயர் எடுத்தார்கள். ஆனால் அதைவிடப் பெரிய மரியாதை, புதிதாகப் பிறந்த அந்த நாடு தன் கலைஞர்களுக்கு வேலை கொடுத்தது. சுவரைக் கொடுத்தது, மைதானத்தைக் கொடுத்தது. பதக்கம் பெட்டிக்குள் போய்விடும். சுவர் தினமும் பார்க்கக் கிடைக்கும்.

ஜார்ஜ்டவுனில் ‘புரட்சிச் சதுக்கம்’ என்று ஒரு இடம். அங்கே நிற்கும் சிலையைச் செய்தவர் பிலிப் மூர். எந்தக் கலைக்கல்லூரியிலும் படிக்காதவர், நாட்டின் கிழக்கே பெர்பீஸ் பகுதியின் கிராமத்து மனிதர், தானே செதுக்கிக் கற்றுக்கொண்டவர். 1763-இல் டச்சுக்காரர்களை எதிர்த்துக் கிளர்ந்த அடிமைகளின் தலைவர் கஃபிக்கு நாடு எழுப்பிய நினைவுச் சின்னம் அது. அந்தக் கிளர்ச்சி தொடங்கிய பிப்ரவரி 23-ஐத்தான் குடியரசு நாளாக வைத்திருக்கிறார்கள். 1976-இல் சிலையைத் திறந்தார்கள். பதினைந்தடி வெண்கலம், இரண்டரை டன் எடை, பதினெட்டடிப் பீடத்தின் மேல்.

நாம் பார்த்துப் பழகிய தலைவர் சிலை மாதிரி அது இல்லை. கையை நீட்டி வழி காட்டவில்லை. உதட்டைக் குவித்துக்கொண்டு நிற்கிறார். அது பணியாமையின் அடையாளம். நெஞ்சில் கவசம்போல இன்னொரு முகம். தொடைகளிலும் முகங்கள், பழைய போராளிகளின் முகங்கள். இரண்டு கைகளிலும் இரண்டு பிராணிகளைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறார். ஒன்று பன்றி, அறியாமைக்கு. இன்னொன்று நாய், பேராசைக்கு. திறந்தபோது பலருக்குப் பிடிக்கவில்லை, அசிங்கமாக இருக்கிறது என்றார்கள். ஐரோப்பியச் சாயலில் அழகான வீரன் ஒருவனை எதிர்பார்த்தவர்களுக்கு ஆப்பிரிக்க மரச்சிற்பத்தின் வழியில் வந்த இந்த உருவம் அதிர்ச்சியாக இருந்தது. அரசு சிலையை அகற்றவில்லை, ‘கொஞ்சம் திருத்து’ என்றும் சொல்லவில்லை. ஒரு கிராமத்துச் சிற்பி கண்டதை அப்படியே தலைநகரின் நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கலைஞனுக்கு இதைவிட என்ன விருது வேண்டும்?

இவ்வளவு பாராட்டிவிட்டுக் குறையைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. ஒரு குறை நம்மோடு சம்பந்தப்பட்டதும்கூட.

1972-இல் கரீபியன் நாடுகளின் கலைஞர்கள் எல்லாரையும் ஜார்ஜ்டவுனுக்கு அழைத்து ‘கரிஃபெஸ்டா’ என்ற முதல் கலைவிழாவை நடத்தினார்கள். வந்தவர்கள் தங்குவதற்கு வீடுகளே கட்டினார்கள். விழா முடிந்ததும் அங்கே குடும்பங்கள் குடியேறின, ஃபெஸ்டிவல் சிட்டி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அந்த விழாவை மனதில் வைத்துத் திட்டமிட்டதுதான் தேசியக் கலாச்சார மையம் என்ற பெரிய அரங்கம், 1976-இல் முடிந்தது. எந்தப் பணத்தில் கட்டினார்கள் தெரியுமா? கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்கள் ஊர் திரும்புவதற்காக வைத்திருந்த நிதியில். 1838-இலிருந்து 1917 வரை சுமார் 2,39,000 பேர் கப்பலில் வந்தார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. 1955-இல் கடைசிக் கப்பல் போனது. மிச்சம் இருந்த திரும்பிப் போகும் பணம் மேடையாக மாறியது. ‘இது எங்கள் பாட்டன்மாருக்கான பணம், எங்களுக்கென்று ஒரு பண்பாட்டு மையம் கட்டுங்கள்’ என்று இந்தியச் சமூகத்தில் பலர் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். நல்ல காரியம்தான், ஆனால் ஒரு சமூகத்தின் பணத்தை அதன் மனதறியாமல் எடுத்தால் அந்த மேடையில் ஏறும்போதெல்லாம் அது உறுத்தும். அதே மேடையில் பிறகு ஷா சகோதரிகளின் நடனக்குழு வருஷாவருஷம் இந்திய நடனங்களை அரங்கேற்றி, எல்லா இனத்தாரையும் வந்து உட்கார வைத்தது. அது அவர்களுடைய சாதனை, அரசுடையது அல்ல.

இன்னொரு குறை சட்டத்தில். கலைஞர்களை வாய் நிறையப் புகழ்ந்த நாடு, விடுதலைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பிரிட்டனின் 1956-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தையே வைத்துக்கொண்டிருந்தது. டேப்பும் சிடியும் வந்த காலத்துக்கு அது எப்படிப் போதும்? பாட்டைத் திருட்டுப் பிரதி எடுத்துத் தெருவில் விற்றார்கள், பாடியவனுக்குக் காசு வரவில்லை. இதை முன்கூட்டியே உணர்ந்தவர் எடி கிராண்ட். கயானாவில் பிளேசான்ஸ் கிராமத்தில் பிறந்து, சிறுவனாக லண்டன் போய், ‘எலெக்ட்ரிக் அவென்யூ’ பாட்டால் உலகம் முழுக்கத் தெரிந்தவர். தன் பாட்டுகளின் உரிமையைத் தன் சொந்தக் கம்பெனியிலேயே வைத்துக்கொண்டார், கலிப்சோ என்ற கரீபியப் பாட்டு வகையின் பழைய பாடகர்களின் பாட்டுகளையும் வாங்கிப் பாதுகாத்தார். அவரால் முடிந்தது. கிராமத்தில் கிதார் வாசிக்கிறவனால் முடியாது. அவனுக்காகத்தான் சட்டம் வேண்டும்.

கடைசியாக, நீங்கள் தென்காசிக்காரர் என்பதால் இதைச் சொல்கிறேன். வந்த அந்தக் கூலிகளில் சுமார் 15,000 பேர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள், பெரும்பாலும் 1845-க்கும் 1862-க்கும் இடையில். அங்கே அவர்களை ‘மதராசி’ என்றார்கள். வீராசாமி, முனுசாமி, ராமசாமி என்ற பெயர்கள் கொஞ்சம் உருமாறி இன்றும் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. பெர்பீஸ் பக்கம் அவர்கள் கொண்டுவந்த அம்மன் வழிபாடு ‘காளி மாய் பூஜை’ என்ற பெயரில் நடக்கிறது. அந்தப் பூஜையில் ஒலிப்பது நம் ஊர்த் தப்பு மேளம். பெயரும் அதேதான், தப்பு. தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றி, வரிசையாக நின்று, இரண்டு குச்சியால் அடிக்கிறார்கள். கூடவே பாடுகிற பாட்டில் தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. பாடுகிறவர்களுக்குப் பொருள் தெரியாது. பாட்டி சொன்னாள், அம்மா சொன்னாள், பாடுகிறார்கள்.

நம் ஊரில் தப்படித்தவரைச் சாதி சொல்லி ஊருக்கு வெளியே நிறுத்தினோம். அங்கே அவர் அம்மனுக்கு எதிரே நிற்கிறார், அவர் அடித்தால்தான் அம்மன் இறங்குவாள் என்று கை கூப்பிக் காத்திருக்கிறார்கள். தேசியப் பண்பாட்டுக்குத் தொண்டு என்ற சொல்லுக்கு அந்தத் தப்புக்காரரைவிடப் பொருத்தமானவர் யாரும் எனக்குத் தோன்றவில்லை. அவர்களில் மூத்தவர்கள் இருக்கும்போதே அந்த அடிகளையும் அந்தப் பாட்டுகளையும் ஒன்றுவிடாமல் பதிவு செய்து, பொருள் தெரிந்தவர்களை உட்காரவைத்து வரிக்கு வரி எழுதி வைக்க வேண்டும். அதில் கயானாவுக்கு நம்மால் செய்ய முடிகிற உதவி ஒன்று உண்டு. அந்தத் தமிழைக் கேட்டு, இது இன்ன சொல் என்று சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடம்தான் இருக்கிறார்கள்.